உகாண்டா, ருவாண்டா 6 வாரம்: எதற்குப் பயப்படுவது, எதை விட்டுவிடுவது?

நிலத்தடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இன்னும் 5 வாரத்தில் வேலை விஷயமாகக் கிளம்புகிறேன். முதல் 4 வாரம் உகாண்டாவின் தென்மேற்குப் பகுதியில், ஆழ்துளைக் கிணறுகளுக்கு இடம் பார்க்கும் வேலை. ஊர் ஊராகப் போக வேண்டும், ஏரிக்கரைகளில் தண்ணீர் மாதிரி எடுக்க வேண்டும். அடுத்த 2 வாரம் ருவாண்டாவில், கிகாலியில் உட்கார்ந்து அறிக்கை எழுதுவது. உகாண்டா வேலை முடிகிற சமயத்தில் அம்மா வந்து சேர்ந்துகொள்வதாகத் திட்டம். அம்மாவுக்குக் கொரில்லா பார்க்க வேண்டுமாம். 67 வயது.

போன வாரம் வரை உற்சாகமாகத்தான் இருந்தேன். அப்புறம் ஒரு ராத்திரி போனை எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கம் என்னென்ன நோய் பரவியிருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். எபோலா, மார்பர்க், எம்பாக்ஸ், காலரா, மஞ்சள் காய்ச்சல், மலேரியா... நோட்டில் எழுதிக்கொண்டே போனதில் 14 வந்துவிட்டது. 14க்கும் நேராக 'என்ன செய்வது' என்று ஒரு கட்டம் போட்டேன். அதில் 11 கட்டம் இன்னும் காலி. என் கணவர் நோட்டைப் பார்த்துவிட்டு, "நீ கிணறு தோண்டப் போறியா, ஆஸ்பத்திரி கட்டப் போறியா?" என்கிறார்.

கேள்விகள் இவைதான். மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம் என்று தெரியும். மற்றவற்றில் எதெல்லாம் உண்மையிலேயே வேண்டும்? அலுவலகத்தில் மலேரியாவுக்கு டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், திரும்பி வந்த பிறகும் 4 வாரம் சாப்பிடச் சொல்கிறார்கள். கொசுவை அங்கேயே விட்டுவிட்டு வந்த பிறகு எதற்கு? அம்மா மூட்டுவாதத்துக்காக வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை எடுக்கிறார், அவர் விஷயத்தில் என்ன செய்வது? கடைசியாக, மார்பர்க், எபோலா என்றெல்லாம் செய்தி வருகிற இடத்துக்குப் போகத்தான் வேண்டுமா? நேராகச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.


ஊர்சுற்றி எழுதியது:

இவ்வளவு யோசித்தால் வாசலைத் தாண்ட முடியாது. 20 நாட்டுக்கு மேல் போயிருக்கிறேன், அதில் ஆப்பிரிக்கா மட்டும் 6. ஒரு மாத்திரை போட்டதில்லை. உடம்பு தானாகப் பழகிக்கொள்ளும். மஞ்சள் காய்ச்சல் அட்டையை மட்டும் பாஸ்போர்ட்டில் சொருகிக்கொண்டு கிளம்புங்கள். மற்றதெல்லாம் மருந்துக் கம்பெனி கிளப்பிவிடும் பயம்.


எஞ்சின்ரூம் எழுதியது:

ஊர்சுற்றி அண்ணே, நானும் ஒரு காலத்தில் இதே வசனத்தை டயலாக் மாதிரிப் பேசித் திரிந்தவன்தான். அதனால் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் தங்கச்சி கேட்ட இரண்டாவது கேள்விக்கு, அதாவது திரும்பி வந்த பிறகு மாத்திரை எதற்கு என்பதற்கு, என் உடம்பாலேயே பதில் தெரிந்துகொண்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரக்குக் கப்பலில் செகண்ட் எஞ்சினியர். லாகோஸ் துறைமுகத்தில் 9 நாள் கட்டிக் கிடந்தோம். டாக்ஸிசைக்ளின், தினம் ஒன்று, 100 மி.கி. ஒழுங்காகத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு கெட்ட பழக்கம்: ராத்திரி வாட்ச் முடிந்து, படுக்கப் போகும்போது ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு அப்படியே சாய்ந்துவிடுவேன். நாலைந்து நாளில் நெஞ்சுக்குழியில் நெருப்பு. எச்சில் விழுங்கினாலே வலி. அந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும், அதனால் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. சீட்டில் அச்சடித்திருந்தார்கள். சீட்டை யார் படித்தார்கள்?

இன்னொரு தப்பு, அது கொசுவுக்கு நானே வைத்த விருந்து. சாயந்தரம் 7 மணிக்கு மேல் கப்பலின் பின்பக்கத் தளத்தில்தான் போன் சிக்னல் நன்றாக எடுக்கும். அரை டிராயரோடு அங்கே உட்கார்ந்து 2 மணி நேரம் வீட்டோடு பேசுவேன். மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸ் கொசு அந்தியிலிருந்து விடியும் வரை கடிப்பது. அதற்கு வசதியாக அதே நேரத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கடித்ததுகூடத் தெரியவில்லை. அது சத்தம் போட்டுக்கொண்டு வந்து கடிக்கிற ஜாதி இல்லை.

கப்பல் பிரேசிலின் சாந்தோஸ் துறைமுகத்துக்குக் கிளம்பியது. 3 நாள் கடந்ததும், "இனி கொசு எங்கே வரப் போகிறது, நெஞ்செரிச்சலாவது மிச்சம்" என்று மாத்திரையை நிறுத்திவிட்டேன். நடுக்கடல். சுற்றிலும் ஒரு ஈ கிடையாது.

பத்தாம் நாள். எஞ்சின் ரூமில் சாதாரணமாகவே 45 டிகிரி இருக்கும், நின்ற இடத்தில் பாய்லர் சூட் நனையும். அன்று மதியம் ப்யூரிஃபையர் பக்கத்தில் நிற்கும்போது எனக்குக் குளிர ஆரம்பித்தது. சும்மா குளிர் இல்லை. பல் தந்தியடிக்கிறது, கையில் இருந்த ஸ்பானர் தட்டில் பட்டு டகடகவென்று சத்தம் போடுகிறது. வெப்பத்துக்கு எல்லோரும் தூர நிற்கும் நீராவிக் குழாயில் போய் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். எங்கள் ஆயிலர் பையன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. அரை மணி நேரத்தில் அந்தக் குளிர் போய் உடம்பு அனலாகக் கொதித்தது. 40.2. அப்புறம் வியர்த்துக் கொட்டி, மெத்தை தொப்பலாகி, திடீரென்று எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி ஒரு தெளிவு. அந்தத் தெளிவுதான் மோசம். "சரி, ஃப்ளூதான், போய்விட்டது" என்று நினைக்க வைத்துவிடும்.

கப்பல் மருந்துப் பெட்டியில் மலேரியாவுக்கான விரல்குத்துப் பரிசோதனைப் பட்டை இருந்தது. குத்திப் பார்த்தார்கள். ஒரு கோடுதான் விழுந்தது, மலேரியா இல்லை என்று அர்த்தம். எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் கேப்டன் விடவில்லை, கடலில் இருப்பவர்களுக்கு மருத்துவ ஆலோசனை சொல்லும் மையத்தைக் கூப்பிட்டார். அந்த டாக்டர் முதலில் கேட்டது என் காய்ச்சலை இல்லை. "கடைசியாக எந்தத் துறைமுகம்? எத்தனை நாள் ஆயிற்று? தடுப்பு மாத்திரையை எப்போது நிறுத்தினார்?" இந்த மூன்றுதான். பதிலைக் கேட்டுவிட்டு, ஆரம்பத்தில் கிருமி குறைவாக இருந்தால் பட்டையில் காட்டாமல் போகலாம், 12 மணி நேரம் கழித்துத் திரும்பக் குத்துங்கள் என்றார். மறுநாள் காலையில் இரண்டாவது கோடு வந்தது. மங்கலாக, பென்சிலால் கிழித்த மாதிரி. ஃபால்சிபாரம், மலேரியாவிலேயே மோசமான வகை.

ஆர்டெமெத்தர்–லூமிஃபான்ட்ரின் மாத்திரை. ஒரு வேளைக்கு 4, மொத்தம் 6 வேளை. கொழுப்போடு சாப்பிட்டால்தான் உடம்பில் ஏறும் என்று சமையல்காரர் ஒவ்வொரு முறையும் கெட்டியாகப் பால் பவுடர் கரைத்து எதிரில் நின்று குடிக்க வைத்தார். கரையேறியதும் ஆஸ்பத்திரியில் 3 நாள். பிழைத்தேன். கப்பலில் அந்த மருந்து இல்லாமல் இருந்திருந்தால், இந்தப் பதிலை எழுத ஆள் இருந்திருக்காது.

இப்போது உங்கள் கேள்விக்கு. கொசு கடித்ததும் கிருமி நேராக ரத்தத்தில் குடியேறுவதில்லை. முதலில் கல்லீரலுக்குப் போய் ஒளிந்துகொள்கிறது. ஒரு வாரமோ அதற்கு மேலோ அங்கே பெருகிவிட்டுத்தான் ரத்தத்துக்கு வருகிறது. டாக்ஸிசைக்ளின் கல்லீரலில் இருப்பதை நம்பும்படி ஒன்றும் செய்யாது, ரத்தத்துக்கு வந்த பிறகுதான் பிடிக்கும். ஆகவே கிளம்பும் கடைசி நாள் ராத்திரி கடித்த கொசுவின் சரக்கு வெளியே வரும்போது வாசலில் காவல் இருக்க வேண்டும். அந்தக் காவல்தான் அந்த 4 வாரம். நான் வாட்ச்மேனை 3 நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

அட்டோவாகோன்–புரோகுவானில் என்று இன்னொன்று இருக்கிறது. அது கல்லீரலிலேயே அடிக்கும், அதனால் திரும்பிய பிறகு 7 நாள் போதும். விலை கூடுதல், தினம் ஒரே நேரத்தில் சாப்பாட்டோடு போட வேண்டும். மெஃப்ளோகுயின் வாரம் ஒன்று. வசதிதான், ஆனால் சிலருக்குக் கெட்ட கனவு, பதற்றம் என்று தலையைக் கலக்கும், எங்கள் கப்பலில் ஒருத்தர் அதைப் போட்டுக்கொண்டு தூங்கவே பயப்பட்டார். மனநலப் பிரச்சினை இருந்தவர்களுக்குக் கொடுக்கவே மாட்டார்கள். நீங்கள் வெயிலில் வேலை செய்பவர், டாக்ஸிசைக்ளின் போட்டால் தோல் சீக்கிரம் வெந்துபோகும். இதைச் சொல்லி டாக்டரிடம் மாற்றித் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். எதுவாக இருந்தாலும் முழு அளவையும் இங்கிருந்தே வாங்கிப் போங்கள். மலேரியா மருந்தில் போலி அதிகம்.

ஊர்சுற்றி அண்ணே, "உடம்பு பழகிக்கொள்ளும்" என்கிறீர்கள். மலேரியா மண்டலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் திரும்பத் திரும்ப வந்து கொஞ்சம் எதிர்ப்பு உண்டாகும், அதுவும் ஊரை விட்டுச் சில வருடம் விலகியிருந்தால் தேய்ந்துவிடும். 2 வாரம் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு அது எங்கிருந்து வரும்? உங்களுக்கு இதுவரை வராதது உங்கள் அதிர்ஷ்டம். அப்படியே நீடிக்கட்டும்.


ஊசிக்காரி எழுதியது:

பயணத் தடுப்பூசி மையத்தில் நர்ஸாக 16 வருடம். எஞ்சின்ரூம் அண்ணன் மலேரியாவை முடித்துவிட்டார், நான் மற்றதைப் பார்க்கிறேன்.

முதலில் அம்மா. உங்கள் பதிவில் எனக்கு உண்மையாகவே வயிற்றைக் கலக்கியது அவர் பெயர்தான், எபோலா இல்லை.

மஞ்சள் காய்ச்சல் ஊசி உயிரோடு இருக்கும், பலவீனப்படுத்திய வைரஸ். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது, நான் ஆயிரக்கணக்கில் போட்டிருக்கிறேன். ஆனால் மெத்தோட்ரெக்ஸேட் நோய் எதிர்ப்பை அடக்கி வைக்கும் மருந்து. அடங்கிய உடம்பில் உயிருள்ள வைரஸைச் செலுத்துவது சரியில்லை. அதோடு 60 வயதைத் தாண்டி முதல்முறை போடுபவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பும் கூடுகிறது, அரிதுதான் என்றாலும். இரண்டும் சேர்ந்த ஒருவர் என் மேசை முன்னால் உட்கார்ந்தால் நான் ஊசியை எடுக்க மாட்டேன். அவரது மூட்டுவாத டாக்டரைக் கேளுங்கள். "ஊசிக்காக ஒரு மாதம் மாத்திரையை நிறுத்திக்கொள்ளலாமா" என்று அம்மாவாகவே முடிவெடுத்துவிடப் போகிறார், அதற்குமுன் பேசிவிடுங்கள். ஒரு அம்மா அப்படித்தான் நிறுத்தினார். விரல் எல்லாம் வீங்கி, பேனா பிடித்துப் படிவத்தில் கையெழுத்துப் போட முடியாமல் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

உகாண்டா 1 வயதுக்கு மேற்பட்ட எல்லோரிடமும் மஞ்சள் அட்டையைக் கேட்கும். மருத்துவக் காரணத்தால் போட முடியாது என்று டாக்டர் எழுதித் தரும் விலக்குச் சான்றிதழ் உண்டு, அட்டையிலேயே அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் அது அதிகாரியைச் சமாளிக்கும், கொசுவைச் சமாளிக்காது. தவிர, அட்டை இல்லாமல் ஆபத்துப் பகுதியிலிருந்து வருபவரை 6 நாள் வரை தனிமையில் வைக்க சர்வதேச சுகாதார விதிகளில் இடம் இருக்கிறது.

ஆகவே நான் செய்வது: அம்மாவை உகாண்டாவுக்கு அழைக்காதீர்கள். நேராகக் கிகாலிக்கு வரச் சொல்லுங்கள். கொரில்லா ருவாண்டாவிலும் இருக்கிறது, எரிமலைப் பூங்காவில். ருவாண்டா, மஞ்சள் காய்ச்சல் ஆபத்துள்ள நாடுகளிலிருந்து வருபவர்களிடம்தான் அட்டை கேட்கும். ஒரு கண்ணி இருக்கிறது: வழியில் அப்படிப்பட்ட நாட்டின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் அதுவும் கணக்கில் சேரலாம். டிக்கெட் போடும்முன் இடைநிறுத்தத்தைப் பாருங்கள், தூதரகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மலேரியா ருவாண்டாவிலும் உண்டு, மெத்தோட்ரெக்ஸேட்டோடு எந்தத் தடுப்பு மாத்திரை ஒத்துப்போகும் என்று அதே டாக்டரிடம் கேட்க வேண்டும். நீங்களாக உங்கள் மாத்திரையில் பாதியை அவருக்குக் கொடுக்கக் கூடாது. கொடுப்பீர்கள் என்று சொல்லவில்லை, கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, அம்மாவுக்கு அன்று சளி, இருமல் இருந்தால் கொரில்லா பக்கத்தில் விட மாட்டார்கள். மனிதச் சளி அவற்றுக்குக் கொல்லும் நோயாக மாறிவிடும். நாம் அவற்றுக்கு மார்பர்க் மாதிரி.

இப்போது உங்களுக்கு. 5 வாரம் என்பது போதும், ஆனால் உதிரி நாள் கிடையாது. மஞ்சள் காய்ச்சல் ஊசியை இந்த வாரமே போடுங்கள், சான்றிதழ் 10 நாள் கழித்துத்தான் செல்லும். இந்த வாரம் என்று சொல்வதற்கு இன்னொரு காரணம் தட்டம்மை. உங்கள் நோட்டில் அது இருக்கிறதா? இருக்காது என்று பந்தயம் கட்டுவேன். யாரும் எழுதுவதில்லை. தட்டம்மை வந்தவர் ஒரு அறையை விட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை வைரஸ் அந்தக் காற்றிலேயே நிற்கும். எதிர்ப்பு இல்லாத 10 பேர் நெருங்கியிருந்தால் 9 பேருக்கு ஒட்டிக்கொள்ளும். அது பரவ ஆப்பிரிக்கக் காடு வேண்டாம், விமான நிலைய வரிசை போதும். பணக்கார நாடு, ஏழை நாடு என்றும் பார்ப்பதில்லை. 2025இல் அமெரிக்காவில் டெக்சாஸிலும், கனடாவிலும் பெரிய அளவில் பரவியது. தட்டம்மைக்கான எம்.எம்.ஆர். ஊசி 2 டோஸ் போட்டதற்கு எழுத்தில் ஆதாரம் இருந்தால் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் போட வேண்டும், அதுவும் உயிருள்ள ஊசி. மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கும் இதற்கும் 4 வாரம் இடைவெளி விடுவது என் வழக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள், இன்று ஒன்று, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் மற்றது. சரியாக உட்காருகிறது. அடுத்த வாரம் என்று தள்ளினால் உட்காராது.

டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ இரண்டும் போட்டுக்கொள்ளுங்கள். டெட்டனஸ், போலியோ பூஸ்டர் எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள். ஊர் ஊராக நடப்பவர் என்பதால் ரேபிஸ் முன்தடுப்பும் சொல்வேன், ஒரு வார இடைவெளியில் 2 ஊசி. கடிபட்ட பிறகு தேவைப்படும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்து கிராமப்புறத்தில் கிடைப்பது கஷ்டம். முன்பே போட்டவருக்கு அது வேண்டியதில்லை, மேலும் 2 ஊசி போட்டால் முடிந்தது. போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் நாய் கடித்தால் முதல் வேலை சோப்பும் ஓடும் தண்ணீரும், 15 நிமிடம். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரியும்.

தண்ணீர் மாதிரி எடுப்பது என்றீர்களே, ஏரியில் இறங்கி எடுப்பீர்களா? விக்டோரியா ஏரி உட்பட அந்தப் பக்கத்து ஏரிகள் பலவற்றில் நத்தைகள் வழியாகப் பரவும் பில்ஹார்சியா என்ற புழு உண்டு. அதன் இளம்புழு முழங்கால் அளவுத் தண்ணீரிலேயே தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், புண் எதுவும் இருக்க வேண்டியதில்லை. நீர்புகா உயர பூட்ஸும் கையுறையும் எடுத்துப் போங்கள். தப்பித் தவறி நனைந்தால் உடனே அழுத்தித் துடைத்துக் காயவையுங்கள், 6 முதல் 8 வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பிராசிகுவான்டெல் என்ற மாத்திரையில் சரியாகிவிடும். தெரியாமல் வருடக்கணக்கில் விட்டால்தான் சிறுநீர்ப்பையையோ கல்லீரலையோ கெடுக்கும். உங்கள் வேலைக்கு மார்பர்க்கைவிட இந்த நத்தைதான் பக்கம்.

மார்பர்க், எபோலா பற்றி. பயணத்தை ரத்து செய்யும் அளவுக்கு இல்லை. ருவாண்டாவில் 2024 செப்டம்பர் 27 அன்று மார்பர்க் அறிவித்தார்கள், டிசம்பர் 20 அன்று முடிந்தது என்றார்கள். 66 பேருக்கு வந்தது, 15 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் மருத்துவமனை ஊழியர்கள், என் மாதிரி ஆட்கள். உகாண்டாவில் 2025 ஜனவரி கடைசியில் கம்பாலாவில் எபோலா, ஏப்ரல் 26 அன்று முடிவுக்கு வந்தது. இரண்டும் நோயாளியின் ரத்தம், வாந்தி, வியர்வை தொடுபவர்களுக்கும், இறந்தவர் உடலைத் தொட்டுக் கழுவுபவர்களுக்கும் பரவுவது. பக்கத்துச் சீட்டில் தும்மினால் வருவதில்லை. கிளம்பும்முன் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பரவல் அறிவிப்பை ஒருமுறை பாருங்கள், தினம் ராத்திரி வேண்டாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு, குகை. நீங்கள் நிலவியல் படித்தவர், குகையைப் பார்த்தால் நுழையத் தோன்றும். உகாண்டாவின் குயீன் எலிசபெத் தேசியப் பூங்கா பக்கம் மலைப்பாம்புகள் கிடக்கும் ஒரு குகை உண்டு, கூரை முழுக்கப் பழந்தின்னி வௌவால். 2008இல் அதற்குள் போய் வந்த டச்சு சுற்றுலாப் பயணி ஒருவர் ஊர் திரும்பி மார்பர்க்கில் இறந்தார். அதே குகைக்குப் போன ஒரு அமெரிக்கப் பெண்ணுக்கும் வந்தது, அவர் பிழைத்தார். தனக்கு வந்தது மார்பர்க் என்பதே அவருக்கு மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது. வௌவால் இருக்கும் குகை, கைவிட்ட சுரங்கம், இரண்டுக்குள்ளும் போகாதீர்கள், வேலையென்று யார் சொன்னாலும்.


நிலத்தடி எழுதியது:

அக்கா, அண்ணா, இரண்டு பேருக்கும் என்ன சொல்வதென்றே தெரியவில்லை. நோட்டில் 14 கட்டத்தையும் அடித்துவிட்டு, அதற்குப் பதிலாக நாட்காட்டியில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். நாளை மறுநாள் மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு நேரம் கிடைத்திருக்கிறது. தட்டம்மை என் நோட்டில் இல்லவே இல்லை, பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள். ஏரியில் இறங்குவேனா என்று கேட்டீர்கள். போன வேலையில் இடுப்பளவு இறங்கினேன். வேறு நாடு, ஆனாலும் அதைப் படித்ததிலிருந்து கால் அரிக்கிற மாதிரியே இருக்கிறது.

அம்மாவிடம் பேசினேன். நீங்கள் சொன்னதே நடந்தது, "ஒரு மாசம் மாத்திரையை விட்டா என்ன?" என்றுதான் முதலில் கேட்டார். டாக்டரிடம் போனில் பேச வைத்துவிட்டேன். கிகாலிக்கு மட்டும் வர சம்மதம். டிக்கெட்டில் இடைநிறுத்தம் 14 மணி நேரம் என்று இருந்தது, மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டு சந்தேகம். திரும்பி வந்து காய்ச்சல் வந்தால் எத்தனை நாள் பார்த்துவிட்டு டாக்டரிடம் போவது? வெயிலுக்கு சன்ஸ்கிரீனும் போட வேண்டும், கொசு விரட்டியும் போட வேண்டும் என்றால் எதை முதலில் தடவுவது?


எஞ்சின்ரூம் எழுதியது:

எத்தனை நாள் என்ற கேள்வியே கூடாது தங்கச்சி. காய்ச்சல் வந்த அன்றே. ராத்திரி 2 மணி என்றால் ராத்திரி 2 மணிக்கு. மலேரியா மண்டலத்திலிருந்து வந்து முதல் 3 மாதத்துக்குள் வரும் காய்ச்சல் எதுவாக இருந்தாலும், ரத்தம் பார்த்து இல்லை என்று சொல்லும்வரை மலேரியாதான். அதற்குப் பிறகும் ஒரு வருடம் வரைக்கும் இந்தப் பயணத்தை மறக்காமல் சொல்லுங்கள். முதல் பரிசோதனையில் இல்லை என்று வந்தால் என் கதையைச் சொல்லித் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். டெங்குவாகவும் இருக்கலாம் என்பதால் அதுவரை பாராசிட்டமால் மட்டும், புரூஃபென், ஆஸ்பிரின் தொடாதீர்கள், ரத்தக்கசிவைக் கூட்டும்.

டாக்டர் கேட்கட்டும் என்று உட்காராதீர்கள். அறைக்குள் நுழைந்ததும் முதல் வாக்கியமே "நான் உகாண்டாவிலிருந்து இத்தனை நாளுக்கு முன்னால் வந்தேன்" என்று இருக்கட்டும். 2015இல் தென்கொரியாவில் நடந்ததைப் பாருங்கள். மத்திய கிழக்கிலிருந்து திரும்பிய 68 வயதுக்காரர் ஒருவர். காய்ச்சல், இருமல். ஒரு ஆஸ்பத்திரி, இன்னொன்று, இன்னொன்று என்று ஏறி இறங்கினார், மெர்ஸ் என்ற சுவாச நோய் என்று கண்டுபிடிக்க மே 20 ஆகிவிட்டது. அதற்குள் வார்டுகளில், காத்திருப்பு அறைகளில் பரவி, கடைசியில் 186 பேர் நோயாளிகள், 38 பேர் இறந்தார்கள். ஆரம்பம் ஒரே ஒரு பயணி.

என் விஷயத்தில் அந்த ரேடியோ டாக்டர் கேட்ட முதல் கேள்வி எந்தத் துறைமுகம் என்பது. அதை இப்போது என் பர்ஸில் ஒரு துண்டுச் சீட்டாக வைத்திருக்கிறேன். போன 6 மாதத்தில் போன துறைமுகங்கள், தேதி, போட்ட மாத்திரை. நினைவில்லாமல் கிடந்தாலும் யாராவது எடுத்துப் பார்ப்பார்கள்.


ஊர்சுற்றி எழுதியது:

சரி, சரி. நீராவிக் குழாயைக் கட்டிப்பிடித்த கதையைப் படித்ததும் வாயை மூடிக்கொண்டேன். ஒரு சந்தேகம், நர்ஸ் அம்மா. என் மஞ்சள் அட்டையில் 10 வருடம் செல்லும் என்று எழுதியிருக்கிறது, 2011இல் போட்டது. காலாவதி ஆகிவிட்டதா? அடுத்த மாதம் கானா போகிறேன்.


ஊசிக்காரி எழுதியது:

ஆகவில்லை. 2016 ஜூலை 11 முதல் அந்த ஊசிச் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும், பழைய அட்டையில் 10 வருடம் என்று எழுதியிருந்தாலும். அட்டையில் நீங்களாகத் தேதியைத் திருத்தாதீர்கள், பேனா பட்டால் செல்லாமல் போய்விடும். கானாவில் மலேரியா நிறைய. இந்த முறையாவது மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள் ஐயா.

நிலத்தடி, முதலில் சன்ஸ்கிரீன். அது தோலில் இறங்கிக் காய்ந்ததும் மேலே கொசு விரட்டி. டீட் என்ற விரட்டி மருந்து 20 முதல் 50 சதவீதம் உள்ளதாகப் பாருங்கள், வியர்த்தால் திரும்பப் போடுங்கள். டெங்கு கொசு பகலில் கடிக்கும், மலேரியா கொசு ராத்திரி, அதனால் காலையில் ஒரு தடவை போட்டேன் என்று விட்டுவிடாதீர்கள். சட்டை, பேன்ட், சாக்ஸுக்குப் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி தெளித்துக் காயவைத்து எடுத்துப் போகலாம், அதைத் தோலில் தடவக் கூடாது. அப்புறம், இடுப்பளவு இறங்கினேன் என்றீர்களே, எந்த நாடு, எத்தனை மாதம் ஆயிற்று? நாளை மறுநாள் ஊசி போடும் இடத்தில் அதையும் சொல்லுங்கள்.